நாயாற்று வெக்கையும் மார்புத் தோலும்

முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் நோக்கிச் செல்லும் கரையோர வீதியில், அளம்பிலையும் செம்மலையையும் கடந்தபின் வரும் நாயாறு, ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் அதற்கப்பால் காடுமாக அமைந்த மீனவர் ஊர். சோளகம் வீசும் மாதங்களில் மேற்குக் கரையிலிருந்தும் தொழிலாளர் வந்து வாடி அமைத்துத் தங்கும் இக்கரையில், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வலை இழுக்கும் ஆண்களின் மார்பு வெயிலையும் உப்பையும் நேரே ஏற்க, வலையிலிருந்து மீன் கழற்றிக் கருவாடு போடும் பெண்களின் மார்போ இரண்டு மூன்று அடுக்கு உடுப்புக்குள் நாள் முழுதும் புழுங்குகிறது. திறந்த மார்பும் மூடிய மார்பும் எதிரெதிர் நிலைகள் என்றாலும், சொரசொரத்துச் சிறு குருக்கள் எழும்பி, சவர்க்காரம் பட்டால் எரிந்து, சட்டை உரசினால் அரிக்கும் தோல் இருவருக்கும் பொதுவாகவே வாய்க்கிறது. இதனைச் சிலர் சூடு என்பர். சிலர் ஊத்தை என்பர். சூடு என்பது ஓரளவு பொருந்தும் விளக்கம். ஊத்தை என்பது பெரும்பாலும் பிழையான விளக்கம் என்பதோடு, தேய்த்துக் கழுவும் பழக்கத்துக்கு வழிகாட்டி, உள்ள துன்பத்தைப் பெருக்கியும் விடுகிறது.

மார்பின் நடுப்பகுதித் தோல் கை கால்களின் தோலைப் போன்றதன்று. எண்ணெய்ப் பசையைச் சுரக்கும் நெய்ச்சுரப்பிகள் முகத்துக்கும் தலைக்கும் அடுத்தபடியாக இங்கும் முதுகின் மேற்பகுதியிலுமே செறிந்திருக்கின்றன. அச்சுரப்பிகள் ஒவ்வொன்றும் ஒரு மயிர்க்காலினுள் திறக்கின்றன. அவற்றுக்கிடையே வியர்வைத் துளைகள் பரந்து கிடக்கின்றன. ஆகவே இங்கு எழும் குரு ஒன்று, வியர்வைக் குழாயில் தோன்றியதாக இருக்கலாம், மயிர்க்காலில் தோன்றியதாக இருக்கலாம், அல்லது தோலின் மேற்படையே தடித்ததாக இருக்கலாம். எது எங்கே தோன்றியது என்று அறியாமல் பூசப்படும் மருந்து, ஒன்றைத் தணித்து மற்றொன்றை வளர்ப்பது வழக்கமாக நடக்கும் காரியம்.

வியர்வையிலிருந்து தொடங்குவதே இக்கரைக்குப் பொருத்தம். மனித உடலில் ஏறத்தாழ 20 இலட்சம் முதல் 40 இலட்சம் வரையான வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. சுரப்பி தோலின் ஆழத்தில் இருக்க, அதன் குழாய் நேராக மேலேறி, மேற்தோலினுள் புகுந்ததும் திருகாணிபோலச் சுருண்டு, இறந்த உயிரணுக்கள் ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கப்பட்ட வெளிப்படையின் வழியே திறக்கிறது. நெடுநேரம் தண்ணீரில் கிடந்த விரல்நுனி ஊறித் தடிப்பதுபோல, வியர்வை ஆவியாக வழியின்றித் தேங்கும்போது இந்த வெளிப்படையும் ஊறித் தடித்துக் குழாயின் வாயை நெரிக்கிறது. எல்லோருடைய தோலிலும் இயல்பாக வாழும் ஒருவகைப் பற்றீரியா சுரக்கும் பசைபோன்ற பொருளும் அடைப்புக்குத் துணைபோகிறது என்பதை 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. வெளியேற வழியில்லாத வியர்வை குழாயை உடைத்துக்கொண்டு சுற்றியுள்ள தோல் இழையத்துக்குள் கசிகிறது, அக்கசிவே வேர்க்குரு.

கசிவு எந்த ஆழத்தில் நிகழ்கிறதோ அதற்கேற்ப வேர்க்குருவின் முகம் மாறும். மிக மேலே கசிந்தால், பனித்துளிபோல் தெளிந்த, அரிப்பில்லாத நுண்ணிய கொப்புளங்கள் தோன்றித் தாமாகவே உதிர்ந்துவிடும். குளிர் நாட்டு வழக்கைப் பார்த்துப் பச்சைக் குழந்தையைத் துணியால் இறுகச் சுற்றிவைக்கும் வீடுகளில் இதனை அடிக்கடி காணலாம். சற்று ஆழத்தில் கசிந்தால், செந்நிறக் குருக்கள் எழுந்து முள்ளுக் குத்துவதுபோல் சுணைக்கும். மக்கள் பெயரிட்டு அழைப்பது பெரும்பாலும் இதனையே. இந்த இரண்டாவது வகை மீண்டும் மீண்டும் வந்துபோன தோலில், இன்னும் ஆழத்தில் அடைப்பு நேர்ந்து, தோலின் நிறத்திலேயே அரிப்பற்ற பருக்கள் எழும். அரிப்பு இல்லை என்பதற்காக இதனைச் சிறிதென எண்ணலாகாது. மார்பும் முதுகும் வியர்க்கும் ஆற்றலை இழந்துவிடுவதால் உடலின் சூடு வெளியேறாமல் தேங்கி, வெயிலில் வேலைசெய்பவருக்கு மயக்கமும் குமட்டலும் தளர்ச்சியும் வர இடமுண்டு. கரையிலிருந்து பல மைல் தொலைவில், நிழலற்ற படகில் இருக்கும் ஒருவருக்கு இது தோல்நோய் என்ற எல்லையைக் கடந்த விடயம்.

வெக்கை என்ற ஒரே சொல்லால் குறித்தாலும், நாயாறு அமைந்த வன்னியின் வெக்கை ஒரே தன்மையதன்று. மத்திய மலைநாட்டைத் தாண்டி இறங்கும் கச்சான் காற்று சூடானது, வறண்டது. அக்காற்றில் வியர்வை உடனே உலர்ந்து, தோலில் உப்பை மட்டும் விட்டுச் செல்கிறது. அம்மாதங்களில் மார்புத் தோல் வறண்டு வெடிப்பதும் எரிவதுமே மிகுதி. காற்று விழுந்து, களப்பின் ஈரம் அசையாமல் நிற்கும் சித்திரையிலும், வாடைக்கு முந்திய புழுக்க நாட்களிலும் வியர்வை உலராமல் வழிந்துகொண்டே இருக்கும். வேர்க்குருவின் காலம் அதுதான். வெயிலின் அளவைவிட, வியர்வை உலர வழியுண்டா என்பதே கேள்வி என்பதனால், கொதிக்கும் வெயிலில் வராத குரு மழைமேகம் மூடிய புழுக்க நாளில் வருவதில் வியப்பில்லை.

வேர்க்குருவுக்குரிய முதன்மையான மருத்துவமும் இதிலிருந்தே பிறக்கிறது. நாளொன்றில் சில மணி நேரமாவது மார்பு காற்றுப்பட்டு உலர்ந்திருக்கவேண்டும். வேலைமுடிந்து வந்ததும் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தளர்வான பருத்தி உடுப்பு அணியவேண்டும். அடைபட்ட வெளிப்படை உதிர்ந்து புதிதாவதற்கு ஏறத்தாழ இரண்டு கிழமை ஆகலாம் என்பதால், மூன்று நாளில் மாறவில்லையென்று மருந்தை மாற்றிக்கொண்டிருப்பது பயன்தராது. கலமைன் திரவம் அரிப்பைத் தணிக்கும். பனைவளம் மிக்க வன்னியில் வேர்க்குருவின்மேல் நுங்கின் நீரைத் தடவும் பழக்கம், குளிர்ச்சி தருவதாலும் தீங்கு செய்யாததாலும் வைத்துக்கொள்ளத் தக்கது. மாறாக, வியர்த்த மார்பில் பவுடரை அப்பினால் அது வியர்வையோடு குழைந்து, ஏற்கெனவே நெரிந்த துளைக்கு மேலும் ஒரு மூடியாகும்; ஓடிக்கொலோன் பட்ட கணம் குளிர்ந்தாலும் அதிலுள்ள மதுசாரமும் வாசனைப் பொருளும் புண்பட்ட தோலை எரிக்கும்; வசிலீன் போன்ற கனத்த பூச்சு வேர்க்குருவுக்கு ஒவ்வாது.

மயிர்க்காலில் தோன்றும் குருக்களின் கதை வேறு. தோலின் நெய்ப்பசையை உண்டு வாழும் மலசீசியா என்ற மதுவம், அதாவது பங்கசு இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர், வளர்ந்த மனிதர் எல்லோர் தோலிலும் இருக்கிறது. பிரெஞ்சு மருத்துவரான லூயி-சார்ள் மலசே 1874இல் இதனை விவரித்தார். 1889இல் அவர் பெயராலேயே இதற்கு இனப்பெயர் சூட்டப்பட்டது. வெப்பமும் ஈரமும் நெய்ப்பசையும் சேர்ந்து வாய்க்கும்போது இது அளவுமீறிப் பெருகுகிறது. தோலின் மேற்பரப்பில் பெருகினால் தேமலாகிறது. மயிர்க்காலினுள் பெருகினால் அரிக்கும் குருக்களாகிறது.

தேமலுக்குத் தமிழ் மரபில் ஒரு விந்தையான மதிப்பு உண்டு. சங்கப் பாடல்கள் இளம்பெண்களின் மார்பில் படரும் சுணங்கு என்ற பொன்னிறப் புள்ளிகளை அழகின் அடையாளமாகக் கொண்டு, அவற்றை வேங்கைப் பூவுக்கு ஒப்பிட்டன. பின்வந்த உரையாளர்கள் அதனைத் தேமல் என்றே விளக்கினர். அக்காலப் புலவர் கண்டது இன்றைய மருத்துவர் குறிக்கும் தேமலேதானா என்று துணிவது கடினம் என்றாலும், மார்பின் புள்ளியை ஊத்தையென்று அருவருக்காத ஒரு பார்வை இம்மொழியில் இருந்ததை மறக்கவேண்டியதில்லை. நவீன மருத்துவத்தில் இலங்கைத் தேமலுக்கு இடம்பெற்றுத் தந்தவர் அல்டோ கஸ்ரெல்லானி என்ற இத்தாலியர். 1903இல் கொழும்பின் பற்றீரியா ஆய்வுக்கூடத்துக்கு வந்து 1915 வரை பணியாற்றிய அவர், கருந்தோலில் வெளிறிய மஞ்சளாகப் படரும் தேமல் தனியொரு பங்கசினால் வருவதென்று கருதி அதற்குத் தனிப்பெயர் இட்டார். அந்தப் பிரிப்பு பின்னர் நிலைக்கவில்லை. ஒரே மதுவம் சிலரில் வெளிறிய புள்ளியாகவும் சிலரில் கருமையான புள்ளியாகவும் தோன்றும் என்பதே இன்றைய கருத்து. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதை அது சுரக்கும் அமிலம் தடுப்பதால் வெளிறல் நேர்வதாகக் கருதப்படுகிறது. ஆகையால், செலீனியம் சல்பைட்டு அல்லது கீற்றோகொனசோல் கலந்த மருந்துச் சம்பூவை மார்பில் பூசிச் சிறிது நேரம் விட்டுக் கழுவும் மருத்துவத்தால் பங்கசு அழிந்துவிட்டாலும், நிறம் மீளப் பல மாதங்கள் செல்லும். நிறம் மீளவில்லை என்பது மருந்து தோற்றதற்குச் சான்றாகாது.

தேமலுக்குத் தேசிக்காய்ப் புளியைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் நிற்கும் வழக்கத்தை இங்கே கண்டிக்காமல் விடமுடியாது. தேசிக்காயிலுள்ள சில பொருள்கள் சூரிய ஒளியோடு சேர்ந்து தோலைச் சுட்டுக் கொப்புளமாக்கி, பின் மாதக்கணக்கில் மாறாத கருந்தழும்பை விட்டுச்செல்லும். வெளிறிய புள்ளியைப் போக்கப்போய்க் கரிய வடுவைத் தேடிக்கொள்வதாகவே அது முடியும்.

மயிர்க்காலினுள் மதுவம் பெருகும்போது மார்பின் மேற்பகுதியிலும் முதுகிலும், ஏறத்தாழ ஒரே அளவினதாக, கடுகுபோன்ற குருக்கள் கூட்டமாக எழுந்து நன்றாக அரிக்கும். முகப்பருவைப் போலத் தோன்றினாலும் முகப்பருவுக்குரிய கரும்புள்ளிகளும் வெண்புள்ளிகளும் இதில் இரா. அளவில் பெரிதும் சிறிதுமாகக் கலந்து, அரிப்பைவிட வலியே மிகுந்திருப்பின் அது பெரும்பாலும் பருவே. இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. பருவென்று எண்ணி உட்கொள்ளப்படும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து, மதுவத்தோடு போட்டியிட்டு வாழும் பற்றீரியாக்களை அழித்து, மதுவத்துக்கு இடத்தை ஒழித்துக் கொடுப்பதால் குரு மேலும் பெருகும். நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ மார்பில் பூசி ஊறவிடுவதும், நெய்ப்பசையை உண்டு வாழும் உயிருக்கு விருந்து வைப்பதற்கு ஒப்பாகலாம்.

இவற்றையெல்லாம்விட அதிகத் தீங்கு செய்வது ஸ்ரெரோயிட் கிறீம். பீற்றாமெதசோன், குளோபெற்றசோல் முதலிய பெயர்களில் பாமசிகளில் கிடைக்கும் இக்கிறீம்கள், உரிய நோய்க்கு உரிய காலம் பயன்பட்டால் அரிய மருந்துகள். காரணம் எதுவாயினும் சிவப்பையும் அரிப்பையும் இரண்டொரு நாளில் அடக்கிவிடுவதே அவற்றின் சிறப்பும் ஆபத்தும். படை என்று வழங்கும் வளையவடிவப் பங்கசு நோய்மேல் பூசினால் அரிப்பு அடங்க, வளையம் கலைந்து உருமாறி, நோய் மறைவாகப் பரவும். மயிர்க்கால் குருமேல் பூசினால் மதுவம் தடையின்றிப் பெருகும். கிழமைக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, நரம்போடியதுபோல் செந்நிறக் கோடுகளும் புதுப்பருக்களும் தோன்றும். ஒரு வீட்டில் ஒருவருக்கு எழுதிக்கொடுத்த குழாய் அடுத்த வீட்டு மார்பில் பூசப்படுவது இக்கரைக்கு மட்டும் உரிய பழக்கமன்று என்றாலும், தோல் வைத்தியரைக் காண நெடுந்தூரம் போகவேண்டிய ஊர்களில் அதற்குக் கவர்ச்சி அதிகம்.

கழுவுதலைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். தோலின் வெளிப்படை சிறிது அமிலத்தன்மை உடையது. கட்டிச் சவர்க்காரங்கள் காரத்தன்மை உடையவை. உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரம் இன்னும் கடியது. அதோடு, கோடையில் கிணற்றுத் தண்ணீரில் சவர் ஏறும் கடலோரங்களில், தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து சவர்க்காரத்தோடு சேர்ந்து நுரையாமல் வெண்படலமாகித் தோலிலேயே ஒட்டிக்கொள்ளும். நுரைக்கவில்லை என்று மேலும் பூசி, ஒட்டிய படலத்தை ஊத்தை என்று பீர்க்கங்கூட்டாலோ தும்பாலோ உரசும்போது, தோலுக்குக் காவலான நெய்ப்பசையும் வெளிப்படையும் உரிந்து, மறுநாள் உப்புத் தண்ணீர் பட்டதும் எரியும் தோல் உருவாகிறது. எரிச்சலுள்ள மார்புக்கு ஒருநாளைக்கு ஒருமுறை மென்மையான சவர்க்காரமும் உள்ளங்கையும் போதும். மற்றக் குளிப்புகள் வெறும் தண்ணீரில் அமையலாம். பைபர் படகை உரசித் திருத்துபவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: கண்ணாடி இழையின் நுண்துகள் தோலில் குத்திநின்று அரிப்பதால், அவர்கள் அந்த வேலைக்கு மேலுடுப்பு அணிவதும், அவ்வுடுப்பை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் தோய்க்காமல் விடுவதும் நல்லது.

வறண்ட தோலில், ஒவ்வொரு மயிர்க்காலின் வாயிலும் கடினப்புரதமான கெரற்றின் முளைபோல் அடைத்துக்கொண்டு, தடவினால் உப்புத்தாள்போல் சொரசொரக்கும் நிலையொன்று உண்டு. மேற்கையிலும் தொடையிலும் அதிகமாகவும் மார்பில் குறைவாகவும் காணப்படும் இது, பெரும்பாலும் பரம்பரையாக வருவது, தொற்றாதது, வயதேறத் தணிவது. யூரியா கலந்த பூச்சோ, குளித்த ஈரம் காயுமுன் தடவும் ஈரப்பசைக் கிறீமோ இதனை மென்மையாக்கும். இதற்கு உருவில் உறவான, ஆனால் காரணத்தில் வேறான ஒரு நிலையை, கொழும்பில் பணிபுரிந்த லூசியஸ் நிக்கல்ஸ் 1933இல் எழுதி, அதற்குத் தேரைத்தோல் என்று பொருள்படும் கிரேக்கப் பெயரிட்டார். முழங்கையிலும் முழங்காலிலும் மிகுந்து பின் உடலெங்கும் பரவக்கூடிய அந்தக் குருக்கள் விற்றமின் குறைபாட்டால் வருவன என்பது அவர் கருத்து. உணவுக் குறைபாட்டின் எழுத்தைத் தோலில் வாசித்த அந்த ஆய்வு இலங்கையில் பணியாற்றிய ஒருவரால் எழுதப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

வன்னியில் தோற்குருவுக்குக் கசப்பான பழைய வரலாறு ஒன்றும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பகுதி மக்களை வாட்டிய பறங்கி நோய், முசுக்கொட்டைப் பழம்போன்ற குருக்களாகத் தொடங்கி எலும்புவரை அரிப்பது. இலங்கையின் முதன்மைக் குடிசார் மருத்துவ அதிகாரியாயிருந்த கின்சி 1881இல் அதுபற்றித் தனி அறிக்கை எழுதினார். அதன் காரணமான சுருளுயிரியை 1905இல் கொழும்பில் கண்டறிந்தவர், தேமலை ஆராய்ந்த அதே கஸ்ரெல்லானி. பெனிசிலின் வந்தபின் மறைந்துபோன அந்நோயின் இடத்தில் இன்று கவனத்துக்குரியது லீஷ்மேனியாசிஸ். மணல் ஈ என்ற நுளம்பினும் சிறிய பூச்சியால் பரவும் இது, இலங்கையிலேயே தொற்றியதாக முதன்முதல் 1992இல் பதிவாகி, 2008இல் அறிவிக்கவேண்டிய நோயாக்கப்பட்டது. வடக்கின் காடுகளில் நிலைகொண்டிருந்த படையினர் பலரிடமும் காணப்பட்டது. வழக்கமாக முகம், கை, கால் போன்ற திறந்த இடங்களில் வருவதென்று நூல்கள் கூறினாலும், மேலாடையின்றி உழைப்பவருக்கு மார்பும் முதுகும் திறந்த இடங்களே. நோவோ அரிப்போ இன்றித் தனியொரு குருவாக எழுந்து, கிழமைகள் பல கடந்தும் மாறாமல், மெல்லப் பெருத்துப் பொருக்குக் கட்டும் குருவை வேர்க்குரு என்று காத்திருக்காமல் மாஞ்சோலையிலுள்ள மாவட்ட வைத்தியசாலையில் காட்டவேண்டும். ஊசிமருந்தாலோ திரவ நைதரசனால் உறையவைப்பதாலோ இதனை மாற்றமுடியும். வெளிறிய புள்ளியில் தொடுவுணர்ச்சி குறைந்திருந்தாலும் அவ்வாறே வைத்தியசாலையில் காட்டவேண்டும். அது தொழுநோயின் அடையாளமாக இருக்கக்கூடும், அதுவும் மருந்தால் மாறக்கூடியது.

நெஞ்செலும்பின் மேலுள்ள தோல் மூச்சாலும் கையசைவாலும் எப்போதும் இழுபட்டுக்கொண்டிருப்பதால், இங்கே ஆறும் காயம் எல்லைமீறித் தடித்துக் கட்டித்தழும்பாக வளரும் இயல்புடையது. கருந்தோல் உடையவர்களில் இவ்வியல்பு கூடுதல். மார்பிலுள்ள பருவை நெரித்து உடைப்பவர், ஒரு கிழமையில் போயிருக்கக்கூடிய குருவை ஆயுள்முழுதும் அரிக்கும் தழும்பாக மாற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு.

பெண்களுக்கு இன்னொரு தடை கூச்சம். மார்பின் அடிமடிப்பில் சிவந்து ஊறி எரியும் பங்கசுப் புண்ணை, வைத்தியர் ஆணாக இருப்பார் என்ற எண்ணத்திலேயே மாதக்கணக்கில் மறைத்து, யாரோ கொடுத்த கிறீமைப் பூசிக்கொள்வோர் உண்டு. மடிப்பை உலர்ந்தநிலையில் வைத்திருப்பதும், வியர்த்த உள்ளுடுப்பை நண்பகலில் ஒருமுறை மாற்றுவதும், பங்கசு எதிர்ப்புக் கிறீமும் சேர்ந்தால் அது ஆறிவிடும். ஆனால் ஒரு மார்பில் மட்டும் தோல் தோடம்பழத்தோல்போல் குழிகுழியாகத் தடிப்பதும், ஒரு பக்க முலைக்காம்பில் மட்டும் மாறாத பொருக்கும் கசிவும் இருப்பதும் தோல்நோய் போலத் தோன்றினும் மார்புப் புற்றுநோயின் வெளிமுகமாக இருக்கக்கூடும். 1996இல் தொடங்கி நாடெங்கும் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளில் நடைபெறும் சுகவனிதையர் கிளினிக்குகளில் மார்புப் பரிசோதனை இலவசமாகச் செய்யப்படுகிறது. கிளினிக் நடக்கும் நாளை அந்தந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டு அறியலாம்.